காலிப் பெட்டி மேல் படுத்தவர்கள்

போட்கோரா,
லிண்டன் மரம் பூத்த வாரம், செவ்வாய்க்கிழமை

மனிதனை உடம்பு, மனசு, தூக்கம் என்று கூறு போடாமல் முழுசாகப் பார்க்கும் வைத்திய ஆய்வுப் பிரிவின் தலைவியும், சின்ன வயதில் ஒரு தேனீ கொட்டினாலே ஊரைக் கூட்டியவளுமான என் அன்பு மகள் டாக்டர் ததேயாவுக்கு, அப்பா விங்கோ ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் தேனீக்களும் சுகம். லூப்லியானாவில் நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க, தேனீக்காரர்களின் காவலர் புனித அம்புரோசு துணை நிற்கட்டும். போனில் சொல்லலாம் என்றால் ஒவ்வொரு தடவையும் "அப்பா, மீட்டிங்ல இருக்கேன்" என்கிறாய். அதனால்தான் கடிதம்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை உன் ஆய்வுக்கு நிதி கொடுக்கும் அறக்கட்டளைக்காரர்கள் நம் தோட்டத்துக்கு வருகிறார்கள். அவர்கள் தலையாட்டினால்தான் ஆய்வு தொடரும், இல்லாவிட்டால் உன் இத்தனை வருஷப் பாடும் ஆற்றில் கரைத்த புளிதான். இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்த ஆய்வையே நான் கெடுத்துக் குட்டிச்சுவராக்கிவிட்டேன் என்று உன் உதவியாளன் காஷ்பர் நேற்று என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான். நடந்ததைச் சொல்கிறேன், நீயே தீர்ப்புச் சொல்.

தோட்டத்தில் இருப்பது நம் தேன்கூட்டுக் குடில். பெட்டிகள் மேல் பலகை போட்டு, வலிக்காரர்களையும் தூக்கம் வராதவர்களையும் படுக்க வைத்து, கூட்டுக் காற்றை மூச்சில் இழுக்க வைத்து, குணமாகிறதா பார்க்கிறாய். நல்லது. ஆனால் பக்கத்திலேயே அச்சு அசலாக இன்னொரு குடில் கட்டி, அதே வர்ணப் பலகை அடித்து, மெழுகு தடவி, உள்ளே காலிப் பெட்டி வைத்து, அடியில் ஒரு ஸ்பீக்கரில் தேனீ இரைச்சலை ஓடவிட்டு, பாதிப் பேரை அங்கே படுக்க வைத்தாயே, அன்றைக்கே எனக்கு வயிறு எரிந்தது. என் தேனீக்கள் ஒரு ஸ்பீக்கரோடு போட்டி போட வேண்டுமா? ஒப்பிட்டுப் பார்க்காமல் எதையும் நிரூபிக்க முடியாது என்றாய். சரி என்றேன். யார் எந்தக் குடில் என்று வந்தவர்களிடம் சொல்லக் கூடாது என்றாய். இந்த நிமிஷம் வரைக்கும் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

போன மாதம் ஒரு தேனீக் கூட்டம் கூட்டிலிருந்து பிரிந்து, பேரிக்காய் மரத்தை விட்டுவிட்டு, நேரே அந்தப் பொய்க் குடிலின் வாசலில் போய்க் கொத்தாகத் தொங்கியது. உள்ளே அத்தனை பெட்டியும் காலி. எந்தத் தேனீக்காரன் கை சும்மா இருக்கும்? இருந்தும் உன் ஆய்வை நினைத்து, ஏணி மேல் நின்று அவற்றைக் கூடையில் தட்டி, வேலித் தகராறு தீராத பக்கத்துத் தோட்டத்து ஹிரிபாருக்கே தாரை வார்த்தேன். போன குளிரில் எனக்கு இரண்டு கூடு காலமான துக்கமே இன்னும் ஆறவில்லை, தெரியுமா? ஹிரிபார் நன்றி சொல்லவில்லை, கூடை பழசாக இருக்கிறது என்றான். இவ்வளவு செய்த என்னைப் பார்த்துத்தான் ஆய்வைக் கெடுத்துவிட்டேன் என்கிறான் காஷ்பர்.

சரி, என் பக்கம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் பொய்க் குடிலுக்கு வந்தது தபாலாபீஸ் ரொசாலியா. ஓய்வு பெற்றதிலிருந்து அவளுக்கு முதுகு வலி. எழுந்து வெளியே வந்து, காற்றே வாசனையாக இருக்கிறது, உடம்பெல்லாம் லேசாகிவிட்டது என்றாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நம் வாசலுக்கு வந்த மனுஷி, வெறும் மரப் பெட்டி மேல் படுத்துவிட்டு, நம்பிப் போகிறாள். வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பிய வழக்கம் நம் வீட்டில் உண்டா? காஷ்பர் மாட்டிவிட்ட காகிதச் செருப்பைக் கழற்றச் சொல்லி, உன் அம்மாவின் கம்பளிச் செருப்பைக் கொடுத்து, அடுப்பில் லிண்டன் பூத் தேநீர் போட்டு, நிஜக் கூட்டின் தேனை இரண்டு கரண்டி விட்டு, பெஞ்சில் உட்கார வைத்தேன். சும்மா உட்கார முடியுமா? பேசினோம். மறுநாள் கசாப்புக்கடை த்ராகோ. கடையை விற்ற நாளிலிருந்து தூக்கம் இல்லையாம். வேலையில்லாத கை இரவில் தூங்காது, வந்து என் விறகைப் பிள என்று திட்டினேன். வந்து பிளந்தான். அப்படியே பொய்க் குடிலின் ஆறு பேருக்கும் பழக்கமாகிவிட்டது, வால்நட் வைத்துச் சுருட்டிய பொடிட்சா ரொட்டி செய்துகொண்டு வர ஆரம்பித்தார்கள். நிஜக் குடில்காரர்களை நான் கண்டுகொள்ளவே இல்லை. அவர்களுக்குத்தான் தேனீ இருக்கிறதே, என் தயவு எதற்கு? அவர்கள் காகிதச் செருப்பில் வந்தார்கள், படுத்தார்கள், காஷ்பர் கேட்டதற்குப் பதில் சொன்னார்கள், போனார்கள்.

நேற்று காஷ்பர் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தான். முகம் வெளுத்திருந்தது. பொய்க் குடில்காரர்களுக்கு வலியும் குறைந்திருக்கிறது, தூக்கமும் கூடியிருக்கிறது, நிஜக் குடிலை விட நன்றாகவே இருக்கிறார்களாம். எனக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது, என் தேனீக்களை ஒரு ஸ்பீக்கர் ஜெயித்துவிட்டதே என்று. அதற்குள் அவன் பெஞ்சைப் பார்த்தான், கோப்பைகளைப் பார்த்தான், அம்மாவின் செருப்பைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்:

"மாமா, ரெண்டு குடிலுக்கும் வித்தியாசம் தேனீ இல்ல. நீங்கதான். உங்களை எந்த அளவுல, எத்தனை வேளை கொடுத்தோம்னு நான் எப்படி எழுதறது?"

நான் என்ன கஷாயமா, அளந்து கொடுக்க? மனிதனை முழுசாகப் பார்க்க வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசுகிறவள் நீ. ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்குத் தேநீர் கொடுத்து உனக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்டால் மட்டும் ஆய்வு கெட்டுவிடுமா? அப்படியென்ன கண்ணாடிப் பாத்திரம் உன் ஆய்வு? கோபத்தில் எழுதுகிறேன், மன்னித்துக்கொள். ஆனால் உன் உழைப்பு என்னால் பாழானால் எனக்குச் சோறு இறங்காது. அதுதான் உண்மை. ஆகவே அவர்கள் வருவதற்கு முந்தின நாள், புதன்கிழமை காலை முதல் பஸ்ஸில் வா. இனி நான் பொய்க் குடில் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன், ஒருவரோடும் பேச மாட்டேன். அறக்கட்டளைக்காரர்கள் கேட்டால் ஒரு கிழவன் குறுக்கே புகுந்துவிட்டான், அவனை அப்புறப்படுத்தியாயிற்று என்று சொல். நான் நிலவறையில் தேன் வடித்துக்கொண்டிருப்பேன். நிதி கிடைக்காவிட்டால் அந்தப் பொய்க் குடிலைப் பிரித்து விறகாக்கிவிடு, த்ராகோவே பிளந்து தருவான்.

மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பைச் சொல். ராத்திரி கண்விழித்துப் படிக்காதே. தேனீ போல் உழைத்தாலும் தேனீ போல் சாயங்காலம் கூட்டுக்குள் போய்விட வேண்டும். கடவுள் உன்னைக் காப்பாராக.

இப்படிக்கு,
உன் மேல் கோபமும் பாசமும் சம அளவில் உள்ள அப்பா,
விங்கோ ப்ரபுரோட்னிக்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது ரொசாலியாவும் த்ராகோவும் வந்து நின்றார்கள். காஷ்பர் எதையோ உளறியிருக்கிறான். நான் தலைகுனிந்து, உங்களை இத்தனை நாள் காலிப் பெட்டி மேல் படுக்க வைத்துவிட்டோம் என்றேன். த்ராகோ சிரித்தான். ரொசாலியா சொன்னாள்:

"முதல் நாளே தெரியும் விங்கோ. தேனீ வளர்க்காத வீட்டுலயா நாங்க பொறந்தோம்? பலகைல கை வச்சா தேனீ இருக்குற சூடே இல்ல."

அப்படியானால் எதற்காக விடாமல் வந்தீர்கள் என்று கேட்டேன். அவள் உன் அம்மாவின் செருப்பைப் பார்த்தபடி சொன்னாள்:

"உங்க சம்சாரம் போனப்புறம் நீங்க யார்கூடவும் ஒரு வார்த்தை பேசலைன்னு ஊருக்கே தெரியும். இங்க வந்தா பேசுறீங்க, திட்டுறீங்க. வராம விட்டா மறுபடி ஊமையாயிடுவீங்களோன்னு பயம். அதான் ஒருத்தர் மாத்தி ஒருத்தர் வந்தோம்."

முறை வைத்து வந்திருக்கிறார்கள், ததேயா. நான் அவர்களுக்குப் பாவம் பார்த்தேன், அவர்கள் எனக்குப் பார்த்திருக்கிறார்கள். முதல் பஸ் வேண்டாம், சாவகாசமாகவே வா. அறக்கட்டளைக்காரர்களிடம் எதையும் மறைக்காதே. பொய்க் குடிலில் ஆறு பேர் என்று எழுதியிருப்பாய், அதை ஏழு என்று திருத்திக்கொள். ஏழாவது ஆள் முதுகு வலிக்காரன் இல்லை. உன் அம்மா போனதிலிருந்து தூங்காதவன், இந்த வசந்தத்தில் விடியும்வரை தூங்குகிறான்.