ஜாக்கி போடாமல் ட்யூப் மாற்றும் புழு

மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய பெரிய மச்சான் அவர்களின் சமூகத்திற்கு, தங்கள் தங்கையைக் கைப்பிடித்த பஞ்சர் கடைக்காரன் பணிந்து எழுதுவது. தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருந்தால் அதுவே எனக்குச் சந்தோஷம். இங்கே உடம்புக்கும் கடைக்கும் கூரைக்கும் குறையில்லை. நிம்மதிக்கு மட்டும்தான் குறை. எனக்குப் பள்ளிக்கூடப் படிப்பு கிடையாது, லாரிகளுக்குப் பின்னால் எழுதியிருப்பதைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கூட்டியவன் என்பது தங்களுக்குத் தெரியும். நடுவில் எங்காவது 'ஒலி எழுப்பவும்' என்று வந்துவிட்டால் பெரிசுபடுத்த வேண்டாம்.

விஷயம் என்னவென்றால், எங்கள் வீட்டுக்குள் மூன்றாவது ஒன்று நுழைந்துவிட்டது. ஆள் இல்லை, ஈ. பழுத்த பழத்தில் மொய்க்குமே, கடுகுக்குக் கண் வைத்த மாதிரி, அந்த ஈ. உங்க தங்கச்சி இங்கே இருக்கிற ஆராய்ச்சிக்கூடத்துக்கு வேலைக்குப் போனது அந்த ஈக்களுக்குச் சமைத்துப் போடத்தான். மக்காச்சோள மாவு, சர்க்கரை, ஈஸ்ட் எல்லாம் போட்டுக் காய்ச்சி, பாட்டில் பாட்டிலாக ஊற்றி, ஆறவைத்து, பஞ்சால் அடைக்கிற வேலை. நான் கூட, போகட்டும், ஈக்குச் சமைத்துப் பழகினாலாவது உப்பு அளவு கைக்கு வரும் என்று அனுப்பினேன். உப்பு வரவில்லை. பதவி வந்துவிட்டது. இவளுக்குக் கை நடுங்காது என்று கண்டுபிடித்து, புழுவுக்குள்ளிருந்து மூச்சுக்குழாயை உருவுகிற வேலையைக் கொடுத்துவிட்டார்கள். கண்டுபிடித்தவர் அங்கே இருக்கிற பெரிய ஆராய்ச்சிக்காரர். யார் எதைத் தொட்டாலும் "மெதுவா, மெதுவா" என்பதால் அவருக்கு மெதுவா ஐயா என்றே பேர். அவர் சொன்னாராம், "உங்களை மாதிரி ஒரு கை இந்தக் கட்டடத்திலேயே இல்லம்மா." வீட்டுக்கு வந்து இதை என்னிடம் சொல்கிறாள் மச்சான். ரயில் எஞ்சினைத் தவிர எல்லாச் சக்கரத்துக்கும் ஒட்டுப் போட்ட கை என் கை. ஒரு நாள், ஒரே ஒரு நாள், கையைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருப்பாளா? "கையைக் கழுவிட்டுத் தட்டைத் தொடுங்க" என்பாள். அவ்வளவுதான் என் கைக்குக் கிடைத்த பட்டம்.

எதற்கு இந்தக் குழாய் உருவுகிற பிழைப்பு என்று சாப்பிடும்போது கேட்டேன். அது தப்பாப் போச்சு. கை காய்கிற வரைக்கும் சொன்னாள். "ஈக்கு நம்ம மாதிரி நுரையீரல் கிடையாதுங்க. உடம்பு பூரா காத்துக் குழாய்தான். முட்டையில இருக்கறப்ப ஜீன்ல ஒரு கூட்டம் முழிச்சு அந்தக் குழாயைப் போடும், போட்டுட்டுத் தூங்கிடும். புழுவாயிட்டா வேற கூட்டம் முழிக்கும், நீட்டும், அகலமாக்கும். கூட்டுப்புழு ஆனதும் பழசைப் பிரிச்சுப் புதுசு கட்ட இன்னொரு கூட்டம். எது எப்ப முழிக்குது, எது எப்ப தூங்குதுன்னுதான் பாக்கறோம்."

"ஏன்டி, நான் எப்ப முழிக்கிறேன், எப்பத் தூங்கறேன்னு என்னைக்காவது பாத்திருக்கியா?"

"நீங்க என்னைக்குங்க முழிச்சீங்க?" என்றாள்.

இது ஒரு பக்கம் இருக்கட்டும். இன்னொன்று கேளுங்க. பொட்டை ஈ கூட்டை விட்டு வெளியே வந்ததும், ஆண் ஈ நெருங்குவதற்கு முன்னால் தனியாகப் பிரித்து வைக்க வேண்டுமாம். அதற்காக விடிவதற்குள் எழுந்து ஓடுகிறாள். நம்ம குடும்பத்துப் பெண்களுக்குக் கூட இப்படி ஒரு காவல் போட்டதில்லை. உங்க வீட்டிலேயே காவல் கொஞ்சம் தளர்ச்சியாக இருந்ததால்தானே நான் சைக்கிளுக்குக் காத்தடிக்கிற சாக்கில் வாசல் வரைக்கும் வந்து போனேன். அந்தக் கதை இப்போது வேண்டாம், நீங்கள் அன்றைக்கு என்னைத் துரத்தியதும் வேண்டாம். எங்கே விட்டேன்? ஆங், காவல்.

எதிர்க் கடை டீ மாஸ்டர் வேறு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதில்லை. "என்னண்ணே, அண்ணி அந்த ஐயாவோட ஒரே குழாய்க்குள்ள பாக்கறாங்களாமே" என்றான். எனக்கு டயர் கழற்றுகிற லீவர் கையில் இருந்தது. ஆனால் அவனிடம்தான் எனக்கு டீ. அதனால் லீவரை வைத்துவிட்டு நேராக ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனேன், நாலு கேள்வி நறுக்கென்று கேட்டுவிட்டு வருவதற்கு.

போனால் மச்சான், மேசைக்கு இந்தப் பக்கம் இவள், அந்தப் பக்கம் மெதுவா ஐயா. இரண்டு பேரும் குனிந்தபடி இருக்கிறார்கள். நான் தொண்டையைச் செருமினேன். நிமிரவில்லை. இருமினேன். "உஸ், மூச்சு விடாதீங்க, தண்ணி ஆடிடும்" என்கிறாள் கட்டின புருஷனைப் பார்த்து. அந்த ஐயாதான் எழுந்து நாற்காலி போட்டு, "வாங்க, நீங்களும் பாருங்க. மெதுவா" என்று லென்ஸைக் காட்டினார். தண்ணீரில் ஒரு அரிசி அளவு புழு. அவள் ஒரு ஊசிக் குறட்டால் பிடித்து, இன்னொன்றால் கீறி, நெடுக்க இரண்டு குழாயை உருவினாள். வெள்ளிச் சரிகை மாதிரி மினுங்கியது. கேட்க வந்த நாலு கேள்வியும் மறந்துபோய் வாயில் அஞ்சாவது வந்தது: "லீக் இருக்கான்னு குமிழி பாத்தீங்களா?"

ஐயா என் தோளில் தட்டி, "சரியான கேள்வி கேட்டீங்க" என்றார். எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. உடனே உங்க தங்கச்சி, "அவர் எதைப் பாத்தாலும் அதையேதாங்க கேப்பாரு" என்று காற்றைப் பிடுங்கிவிட்டாள்.

அதற்கப்புறம் ஐயா சொன்னதுதான் என்னைச் சாய்த்தது. அந்தப் புழு தலையைச் சாப்பாட்டுக்குள் விட்டுக்கொண்டு, மூச்சை வால் பக்கமாக விடுமாம். சரி, நம்ம சின்ன மாமாவும் பந்தியில் உட்கார்ந்தால் ஏறக்குறைய அப்படித்தான். அதை விடுங்க. வளர வளரப் பழைய குழாயைச் சுற்றி அகலமாகப் புதுக் குழாய் கட்டி, தோலை உரிக்கிறபோது பழைய குழாயின் உள்தோலையும் சேர்த்து உருவிப் போட்டுவிடுமாம். "ஜாக்கி?" என்றேன். இல்லை. "சக்கரத்தைக் கழட்டாமலா?" என்றேன். ஆமாம் என்றார். வாயும் வயிறும் வாலும் இருந்த இடத்தில் இருக்க, உள்ளே ட்யூப் மட்டும் மாறுகிறது. மச்சான், இத்தனை வருஷத்தில் எதிர்த் தெருவில் கம்ப்ரஸர் வைத்துக் கடை போட்டவனைப் பார்த்துக்கூட எனக்கு வயிறு எரிந்ததில்லை. அந்தப் புழுவைப் பார்த்து எரிந்தது. இப்படி ஒருத்தன் வீட்டுக்குள்ளேயே இருந்தால் என்னை யார் மதிப்பார்கள்?

வீட்டுக்குள்ளேயே என்று சொன்னது நிஜம். ஆராய்ச்சிக்கூடத்து ஈக்கு நோய் விழுந்தால் மாற்றுக்கு வேண்டும் என்று ஒரு தட்டு நிறைய ஈ பாட்டிலை வீட்டு உள்ளறையில் வைத்திருக்கிறாள். வீட்டிலேயே குளிர்ச்சியான அறை அதுதான். நான் கூடத்தில் படுக்கிறேன்.

இப்போது தலைக்கு மேல் போய்விட்டது. வேற ஊர் ஆராய்ச்சிக்கூடத்தில் குழாய் உருவச் சொல்லிக் கொடுக்க ஒரு மாசம் வரச்சொல்லிவிட்டார்கள். சரி என்றுவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. "நான் என்னடி பண்ணுவேன்?" என்றேன். "உங்களுக்கென்ன, கைகால் இருக்கு. ஈக்குத்தான் ஆள் வேணும். கூழ் காய்ஞ்சா புதுப் பாட்டிலுக்கு மாத்துங்க, அடுப்புப் பக்கம் வைக்காதீங்க, வெயில் படக்கூடாது, எறும்பு ஏறக்கூடாது" என்று ஒரு மூச்சில் சொல்லி முடித்தாள். எனக்கு எறும்பு ஏறினால் என்ன செய்வது என்று ஒரு வார்த்தை இல்லை. எனக்கு வேண்டியது பெரிசாக ஒன்றுமில்லை மச்சான். ஒரு தடவை, ஒரே தடவை, ஈக்கு முன்னால் என்னை விசாரிக்கட்டும். அது போதும். நீங்கள் கடுதாசி கண்டதும் கிளம்பி வந்து, போகக்கூடாது என்று அவளைக் கண்டித்து வைக்க வேண்டும். நீங்கள் சொன்னால்தான் கேட்பாள். என் பேச்சுக்கு இந்த வீட்டில் ஈ கூட இறக்கையை ஆட்டுவதில்லை.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம், பெரியவன் சைக்கிளில் டபுள்ஸ் போகாமல் இருக்கட்டும். தங்கள் வீட்டுப் படியில் எப்போதும் பால் பொங்கின மாதிரி மகிழ்ச்சி பொங்கட்டும்.

இப்படிக்கு,
கூடத்தில் படுத்திருக்கும் தங்கள் மச்சான்

பின் குறிப்பு: தபாலில் போட மறந்து இந்தக் கடுதாசி சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது. அவள் அந்த ஊருக்குப் போய் இறங்கிவிட்டாள். ஈயெல்லாம் சௌக்கியம். ஈ அடியில் விழுகிற மாதிரி பாட்டிலை மேசையில் தட்டி மாற்றச் சொன்னாள், கண்ணாடி உடைந்துவிடும் என்று நான் பழைய ட்யூபை மடித்துப் போட்டு அதன்மேல் தட்டுகிறேன், ஒன்று கூடத் தப்புவதில்லை. மெதுவா ஐயா வந்து பார்த்து அப்படியே நின்றுவிட்டார். மூன்றாம் பாட்டிலில் புழுவெல்லாம் சுவரில் ஏறத் தொடங்கிவிட்டது, நாளைக்கோ மறுநாளோ கூடு கட்டும். நேற்று அவள் போன் பண்ணினாள். சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா, முதுகு வலி தேவலையா, தனியா இருக்கீங்களே என்று அரை மணி நேரம் என்னையே கேட்டாள். ஈயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை மச்சான். வாயில்லாத ஜீவன், வாலால் மூச்சு விட்டுக்கொண்டு கிடக்கிறது, அதை விசாரிக்க ஒரு நாதி இல்லை. எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன். நீங்கள் இங்கே வரவேண்டாம், அந்த ஊருக்கே போய் அவளைக் கண்டித்து வையுங்கள்.