ஒரு வீட்டில் இரண்டு அடுப்பு

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. இங்கே உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். அங்கே நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். லாரிக்காரரிடம் கொடுத்தனுப்பிய பூட்டு பத்திரமாக வந்து சேர்ந்தது. சாவியும் இருந்தது.

நீங்கள் சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொள்ளவே இந்தக் கடிதம். "முன்னறையில யாரையும் சேர்க்காதே, அப்புறம் நீதான் அழுவே" என்று போனில் கத்தினீர்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் சண்டை மூண்டு, ஜனங்கள் மூட்டையோடு வந்து இறங்கிய வாரம் அது. பள்ளிக்கூடம் முகாமானது, முகாமும் நிரம்பியது, ஒருத்தி இரண்டு வயதுப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு நம் வாசலில் வந்து நின்றாள். அந்தப் பையன் அழக்கூட இல்லை அண்ணா. தையல் மெஷினை ஓரமாகத் தள்ளி இடம் கொடுத்தேன். இப்போது அனுபவிக்கிறேன்.

பிறகு வெள்ளை வண்டியில் உதவிக்காரர்கள் வந்தார்கள். அகதிகளுக்கு மட்டுமில்லை, அவர்களுக்கு இடம் கொடுத்த ஊரின் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உதவி உண்டு என்று மைக்கில் சொன்னார்கள். நானும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். முதலில் எல்லாருக்கும் தைத்த துணியை மூட்டை மூட்டையாகக் கொடுத்தார்கள். அன்றோடு என்னிடம் தைக்க யாரும் வருவதில்லை. அப்புறம், வேலையில்லாத பெண்களுக்குப் பயிற்சி என்று என்னையே கூப்பிட்டு ஐந்து நாள் தையல் சொல்லிக்கொடுத்தார்கள். பதினெட்டு வருடமாக மெஷின் மிதிக்கிற எனக்கு ஊசியில் நூல் கோக்கக் கற்றுக்கொடுத்த புண்ணியவான் இரண்டாம் நாளே விரலில் குத்திக்கொண்டார். நான்தான் கட்டுப் போட்டேன். சான்றிதழ் கொடுத்தார்கள், சுவரில் மாட்டியிருக்கிறேன்.

அடுத்து, பெயர் பதிகிற பெண் வந்தாள். "அக்கா, இந்த வீட்டுல எத்தனை அடுப்பு?" என்றாள். "ஒண்ணுதான். நாங்க என்ன பிரிச்சா சாப்பிடுறோம்?" என்று பெருமையாகச் சொன்னேன் பாருங்கள், அங்கேதான் வினை. ஒரே அடுப்பில் சமைத்தால் ஒரே குடும்பமாம். முன்னறைக்காரியையும் பையனையும் என் குடும்பத்திலேயே எழுதிக்கொண்டு போனாள். மறுவாரமே முகாமில் பையனுக்குக் கொடுத்துவந்த சத்துப் பொட்டலம் நின்றுபோனது. கேட்டதற்கு, "தனி அடுப்பு இருந்தா தனிக் குடும்பம்னு போடலாம்க்கா" என்றாள். செங்கல் பொறுக்கி, மண் குழைத்து, முற்றத்தில் என் கையாலேயே ஒரு அடுப்பு கட்டினேன். போட்டோ எடுக்கும்போது புகை தெரிய வேண்டும் என்று பழைய பேப்பரைக் கொளுத்தினோம். பொட்டலம் திரும்ப வந்தது.

அதோடு விட்டார்களா? குழந்தைகளின் கையை நாடாவால் அளந்தார்கள். பச்சை என்றால் நல்ல உடம்பு, மஞ்சள் என்றால் மெலிவு, சிவப்பு என்றால் ஆபத்து. அவள் பையனும் மஞ்சள், என் சின்னவளும் மஞ்சள். ஆனால் முகாம் பட்டியலில் மஞ்சளுக்கும் பொட்டலம் உண்டு. ஊர்ப் பட்டியலில் சிவப்புக்கு மட்டும்தான். "மஞ்சளுக்கு ஆலோசனைதான்க்கா. தினம் முட்டை, பால், பழம் கொடுங்க" என்று நாடா பிடித்தவள் ஒரு அட்டையைக் கையில் கொடுத்தாள். "இவளைச் சிவப்பாக்கிக் கூட்டிட்டு வரவா?" என்று கேட்டேன். காதில் விழாத மாதிரி எழுதிக்கொண்டிருந்தாள். அட்டையில் முட்டைப் படம் ரொம்ப நன்றாக இருக்கிறது.

என் வீட்டுக்காரர் வேலை தேடிப் போனவர் போனவர்தான், உங்களுக்குத் தெரிந்த கதை. முட்டைக்கு நான் எங்கே போவேன்? நான் கட்டிய அடுப்பால் அவள் பிள்ளைக்குப் பொட்டலம், என் பிள்ளைக்குப் படம். வயிறு எரிந்தது அண்ணா. முந்தாநாள் முன்னறையில் எட்டிப் பார்த்தால், என் மூன்று வயதுப் பெண் அவன் தின்றுபோட்ட காலிப் பொட்டலத்தை நக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வாயெல்லாம் பூசிக்கொண்டு சிரிக்கிறாள். அறைந்துவிட்டேன். பெற்றதிலிருந்து அவள்மேல் கை வைத்ததில்லை. அவன் அம்மா வாயைத் திறக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த அழுத்தம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. "வெள்ளிக்கிழமை முகாமுக்கே போயிடு" என்று சொல்லிவிட்டேன். "சரிக்கா" என்றாள். அவ்வளவுதான். அன்று சாயங்காலமே உங்கள் பூட்டு முன்னறையில் தொங்கும்.

அண்ணிக்கு என் வணக்கம். பிள்ளைகளை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்கள். நீங்களும் வெயிலில் அலையாதீர்கள்.

இப்படிக்கு,
பட்டுத் தெளிந்த உங்கள் தங்கை

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. போகிற பிள்ளை கிழிசலோடு போகவேண்டாம் என்று அவன் சட்டையைத் தைக்க எடுத்தேன். இரண்டு மாதத்துக்கு முன் ஒரே துணியில் அவனுக்குச் சட்டையும் சின்னவளுக்குக் கவுனும் தைத்திருந்தேன். போட்டுப் பார்த்தால் அவனுக்குச் சட்டைக் கை தொளதொள என்று கிடக்கிறது. சின்னவளின் கை கவுனுக்குள் ஏறவே மாட்டேன் என்கிறது. என் தொழில் அண்ணா இது, அளவு தப்பாது. அவன் அம்மாவைப் பிடித்து நிறுத்திக் கேட்டேன்.

"தினம் தர்ற ரெண்டு பொட்டலத்துல ஒண்ணு பாப்பாவுக்குக்கா. பாப்பாவும் மஞ்சள்தானே."

"ஏன்டி சொல்லல? பாப்பா அடி வாங்கினப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீங்க பாப்பாவை வாங்க விடமாட்டீங்க."

காலையில் நாடாக்காரி திரும்ப வந்து அளந்தாள். என் பெண் பச்சை. ஆலோசனை பலித்துவிட்டது என்று முட்டை அட்டையோடு அவளை நிற்கவைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டாள். முன்னறைப் பையன் சிவப்பு. இன்றே ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லிவிட்டாள். நானும் கூடப் போகிறேன். உறவு என்ன என்று கேட்டால் பெரியம்மா என்று எழுதச் சொல்வேன்.

முற்றத்து அடுப்பு போட்டோவுக்காக அப்படியே நிற்கும். சமையல் உள்ளே, ஒரே உலைதான். பூட்டை லாரிக்காரரிடமே திருப்பி அனுப்புகிறேன். மேலே எழுதியதை ஏன் கிழித்துப் போடவில்லை என்று கேட்பீர்கள். நான் அவளை என்ன நினைத்தேன் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வராது. உங்களுக்காவது தெரிந்திருக்கட்டும்.