கர்ப்பிணி ஊரில் கருவாட்டுக் குழம்பு

க்ர்ப்சனி,
செக்கோஸ்லோவாக்கியா,
1980 ஜனவரி, மார்கழிக் கடைசி.

சௌபாக்கியவதி ஆதிலட்சுமிக்கு உன் புருஷன் தாண்டவராயன் கடல் தாண்டி, மலை தாண்டி, முழங்கால் பனியும் தாண்டி வந்து எழுதிக்கொள்வது. இங்கே நான், மாப்பிள்ளை ராஜாராம், மலர்க்கொடி, பிறந்திருக்கும் நம் பேத்தி எல்லோரும் சேமம். தந்தி கிடைத்திருக்கும். அங்கே உன் முறிந்த காலும், அதன் மேல் போட்ட மாவுக்கட்டும், கறவை மாடும், சாலவாக்கத்து ஏரித் தண்ணீரும் குறைவில்லாமல் இருக்க திருப்புலிவனத்து ஈஸ்வரன் துணை.

நீ களத்தில் வழுக்கி விழுந்து, உனக்குப் பதிலாக நான் மலரின் பிரசவத்துக்குக் கிளம்பியபோது உன் அண்ணன் இருசப்பன், "இன்னா மச்சான், ஆம்பள நீ போயி அங்க இன்னா பண்ணப்போற?" என்று ஊர் முன்னால் கேட்டுச் சிரித்தார். நீயோ படுத்த படுக்கையாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "தோ பாருய்யா, பச்ச ஒடம்புக்குப் பால்சுறாக் கருவாட்டுக் கொயம்பு போயே ஆவணும். இல்லாட்டி கொயந்தைக்குப் பால் பத்தாது. அதக் குடுக்காம இந்த வூட்டு வாசப்படி ஏறாதே" என்றாய். அன்றைக்கே நான் தீர்மானம் செய்துவிட்டேன். விமானம் விழட்டும், வானம் விழட்டும், குழம்பு மட்டும் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

முதல் இடைஞ்சல் இங்கே வந்து இறங்கிய விமான நிலையத்திலேயே வந்தது. சுங்க அதிகாரி மூட்டையைப் பிரித்தார். கருவாட்டைப் பார்த்து மூக்கைப் பொத்தினார், சரி, அது அவருடைய கொடுப்பினை. ஆனால் நீ சம்படத்தில் அடைத்துக் கொடுத்த பிரசவ லேகியத்தைப் பார்த்ததும் அபின் என்று நினைத்துக்கொண்டு இரண்டு போலீஸ்காரர்களைக் கூப்பிட்டுவிட்டார். கறுப்பாக, பிசுபிசுப்பாக இருந்தால் வேறு என்ன நினைப்பார்? நான் "மெடிசின், மெடிசின்" என்றேன். யாருக்கு என்று சைகையில் கேட்டார்கள். பிள்ளை பெற்றவளுக்கு என்று நான் வயிற்றைத் தடவிக் காட்டியதை அவர்கள் எனக்குத்தான் என்று புரிந்துகொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேசிப் பயனில்லை என்று சம்படத்தைத் திறந்து, எல்லோரும் பார்க்க ஒரு கை அள்ளி வாயில் போட்டு விழுங்கிவிட்டேன். சுக்கும் திப்பிலியும் தொண்டையில் பற்றிக்கொண்டு கண்ணில் நீராகக் கொட்டியது, ஆனாலும் சிரித்துக்கொண்டே நின்றேன். விட்டுவிட்டார்கள். பிள்ளை பெற்றவள் சாப்பிடும் லேகியத்தைச் சாப்பிட்ட ஆண்பிள்ளை நம் தாலுக்காவிலேயே நான் ஒருவன்தான், இதை இருசப்பனிடம் சொல்ல வேண்டாம்.

இந்த ஊர் பெயர் க்ர்ப்சனி. என் வாய்க்குக் கர்ப்பிணி என்றுதான் வருகிறது, பிரசவத்துக்கு வந்தவனுக்கு அதுவே சகுனமாகப் படுகிறது. ஒரு மாதா கோயில், ஒரு ரொட்டிக் கடை, ஒரு சாராயக் கடை, ஊருக்கு வெளியே மாப்பிள்ளை பயிற்சிக்கு வந்திருக்கும் டிராக்டர் தொழிற்சாலை, அதைத் தாண்டினால் பனி மூடிய வயல். நம் ஊரில் கூழ் ஊற்றும்போது கட்டுகிற மாதிரி கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஒலிபெருக்கி கட்டியிருக்கிறார்கள், தினமும் பாட்டுப் போடுகிறார்கள், ஆனால் கூழ் மட்டும் ஊற்றுவதில்லை. குளிர் என்றால் அப்படி ஒரு குளிர். மாப்பிள்ளையின் கால்சட்டை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டி, அதற்கு மேல் வேட்டி கட்டிக்கொண்டுதான் வெளியே போகிறேன். எதிர்வீட்டில் கதரீனா என்று ஒரு அம்மாள், நம் வயதுதான் இருக்கும், முதல் நாளே என்னை நிறுத்தி வேட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு கம்பளி ஜாக்கெட் கொண்டுவந்து கொடுத்தாள். நல்லவள்.

மலருக்கு வலி கண்டபோது மாப்பிள்ளை வேலையில் இருந்தார். ஆம்புலன்ஸில் என்னை ஏற்றிக்கொள்ளவில்லை. கதரீனா அம்மாள் என்னைக் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு நடத்திக்கொண்டு போனாள். பாதி வழியில் பனியில் வழுக்கி விழுந்தேன். வேட்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மூக்குக் கண்ணாடி எங்கே என்று தேடி எழுந்தவன் அதன் மேலேயே காலை வைத்துவிட்டேன். போனால் போகிறது என்று ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓடினால், வாயிற்காவலன் கதவை மறித்தான். "மலர்க்கொடி? மை டாட்டர்? பேபி?" என்று கேட்டேன். அவன் உள்ளே போன் போட்டு விசாரித்துவிட்டு வந்து, தலையை ஆட்டிக்கொண்டே, "நோ, நோ" என்றான். ஆதிலட்சுமி, என் உயிர் என்னிடத்தில் இல்லை. "பேபி நோவா?" என்றேன். "நோ, நோ, நோ" என்று இன்னும் அழுத்திச் சொன்னான். அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டேன். உன்னிடம் என்ன சொல்வேன், எந்த முகத்தோடு ஊர் திரும்புவேன் என்று வாய்விட்டு அழுதேன். காவலன் பயந்துபோய் ஒரு சின்னக் கிளாசில் என்னவோ ஊற்றிக் கொடுத்தான். அது தண்ணீர் இல்லை. கதரீனா அம்மாளோ சிரிக்கிறாள், கையைத் தொட்டில் போல் ஆட்டுகிறாள், என் கன்னத்தைக் கிள்ளுகிறாள். செத்த வீட்டில் சிரிக்கிறாளே என்று எனக்கு ஆத்திரம். மாப்பிள்ளை ஓடி வந்து சேர்ந்த பிறகுதான் விளங்கியது. "மாமா, இந்த ஊர்ல நோன்னா ஆமான்னு அர்த்தம் மாமா! பொண்ணு பொறந்துகீது, ரெண்டு பேரும் நல்லாகீறாங்க!" என்றார். இல்லை என்பதற்கு என்ன சொல்வார்கள் என்று கேட்க அப்போது எனக்குத் தெம்பு இல்லை.

அதைக் காவலனே மறுநாள் கதவை மறித்து, "நியே, நியே" என்று கற்றுக்கொடுத்தான். இந்த தேசத்தில் பிரசவ ஆஸ்பத்திரிக்குள் புருஷன், தகப்பன், யாரையும் விடுவதில்லையாம். ஒரு வாரம் கழித்து அவர்களாகவே அனுப்பும்போதுதான் பார்க்க வேண்டுமாம். மாப்பிள்ளையிடம் சொன்னேன், "எப்பிடியாவது கொயம்ப உள்ள அனுப்பணுமே." அவர், "ரூல்ஸ் மாமா, வுடமாட்டாங்க. அவங்களே நல்லா சாப்பாடு போடுறாங்க, நீங்க பேஜார் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். மாப்பிள்ளை தங்கமானவர், ஆனால் சட்டத்துக்குப் பயப்படுகிற தங்கம். நான் பயப்படவில்லை. அவர் தலை மறைந்ததும் கருவாட்டை ஊறப்போட்டேன்.

நீ சொன்னபடியே நல்லெண்ணெய் காயவைத்து, பூண்டைத் தோலுரித்துப் போட்டு, புளி கரைத்து ஊற்றிக் கருவாட்டையும் போட்டேனா, கொதி வந்த கொஞ்ச நேரத்தில் மாடிப்படியெல்லாம் ஒரே சத்தம். மேல்வீட்டுக்காரன் குழாயைத் தட்டிப் பார்க்கிறான், கீழ்வீட்டுக்காரி குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுகிறாள், சாக்கடை உடைந்துவிட்டது என்று யாரோ ஆள் கூட்டி வந்துவிட்டார்கள். நீள ரப்பர் பூட்ஸ் போட்ட இரண்டு பேர் கம்பியோடு நம் வீட்டுக்குள்ளேயே நுழைந்தார்கள். நான் அடுப்பை மறைத்து நின்றேன். கம்பி குழம்பில் படக்கூடாது, அவ்வளவுதான் என் கவலை. அப்போது கதரீனா அம்மாள் உள்ளே வந்து, மூடியைத் திறந்து, ஒரு கரண்டி எடுத்து ஊதி நாக்கில் விட்டுப் பார்த்தாள். எல்லோரும் அவள் முகத்தையே பார்க்கிறார்கள். முகம் சிவந்தது, இருமினாள், கண்ணைத் துடைத்தாள். பிறகு தன் வீட்டுக்குப் போய் ஒரு சரம் பூண்டு கொண்டுவந்து என் கழுத்தில் மாலையாகப் போட்டுவிட்டு, வந்தவர்களையெல்லாம் அதட்டி விரட்டினாள்.

குழம்பைச் சோற்றோடு தூக்குச் சட்டியில் போட்டு, துண்டால் சுற்றி, ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே பார்த்தால் சுவரோரம் நாலைந்து ஆண்பிள்ளைகள் பனியில் நின்றுகொண்டு மாடி ஜன்னலைப் பார்த்துப் பெண்டாட்டி பெயரைக் கூவுகிறார்கள். மேலேயிருந்து அவளவள் ஒரு கயிறு இறக்குகிறாள், இவன் பொட்டலத்தைக் கட்டுகிறான், அவள் இழுத்துக்கொள்கிறாள். சட்டமும் இருக்கிறது, கயிறும் இருக்கிறது! நம் ஊர்தான் ஆதிலட்சுமி, நம் ஊரேதான்! நான் கையை வாய்க்குக் குவித்து, ஏரிக்கரையிலிருந்து மடை திறக்கிற ஆளை அழைக்கிற குரலில், "ஏ மலரூ!" என்று ஒரு குரல் கொடுத்தேன். அத்தனை ஜன்னலும் திறந்துகொண்டது. மூன்றாம் மாடியில் கறுத்த கூந்தலைப் பின்னிப்போட்டுக்கொண்டு, நம் நிறத்தில் நம் பெண் நிற்கிறாள். கண்ணாடி இல்லாவிட்டால் என்ன, பெற்ற பெண்ணைத் தெரியாதா! கையை ஆட்டினாள். கயிறு இறங்கியது. "சூடாறுறதுக்குள்ள சாப்புடு கண்ணு! அம்மா குடுக்கச் சொன்னா!" என்று கத்தினேன். மேலே இழுத்துக்கொண்டாள். மறுநாள் காலித் தூக்கு இறங்கியது, வழித்து நக்கியது போல் சுத்தம். அதற்குப் பிறகு தினமும் போகிறேன். தலைமை நர்சு ஒருமுறை வெளியே வந்து என்னைப் பார்த்து என்னவோ கத்தினாள். நான் "நோ, நோ" என்று ஒத்துக்கொண்டு, அவள் போனதும் தூக்கைக் கட்டினேன்.

ஆகவே கொடுத்த வாக்கை நிறைவேற்றிவிட்டேன். லேகியச் சங்கதியை மட்டும் விட்டுவிட்டு இதை நீ தைரியமாக இருசப்பனைக் கூப்பிட்டு உரக்கப் படித்துக் காட்டலாம். தாயில்லாமல் பிரசவம் பார்க்க முடியாது என்று இனி எவனும் சாலவாக்கத்தில் சொல்லக்கூடாது. காலை அசைக்காதே. மாட்டுக்குப் பிண்ணாக்கு குறைக்காதே. பெரியவர்களுக்கு என் வணக்கமும், சிறியவர்களுக்கு ஆசியும், உனக்கு இரண்டும் கலந்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
பேத்தி எடுத்த
தாண்டவராயன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் மலரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வந்ததும் வராததுமாக, "இன்னா நைனா, ஒரு வாரமா இந்தப் பக்கமே வரல? ஒரு நாள் உன் கொரல் கேட்டமாரி இருந்துச்சி, கனான்னு நெனச்சிக்கினேன்" என்கிறாள். அவளுடைய அறை ஆஸ்பத்திரியின் பின்பக்கமாம். "அப்போ கொயம்பு?" என்றேன். "எந்தக் கொயம்பு?" என்றாள். விவரம் சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நல்லவேள! கருவாட்டு வாடையே எனக்கு ஆவாதுன்னு அம்மாவுக்குத் தெரியாதா? பால்லாம் அதுபாட்டுக்கு வருது நைனா" என்றாள். நான் மிச்சமிருந்த கருவாட்டை மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது யாரோ கதவைத் தட்டினார்கள், வேட்டி கட்டிய கிழவன் வீடு எது என்று விசாரித்துக்கொண்டு வந்தவர்களாம். கறுத்த நிறத்தில் ஒரு ஆள், ரயில் தண்டவாள வேலைக்காரனாம், கையில் ஒரு கொழுத்த வாத்து. பக்கத்தில் அவன் பெண்டாட்டி ஈலோனா, ஜன்னலில் பார்த்த அதே பின்னிய கூந்தல், இடுப்பில் குழந்தை. எந்தக் காலத்திலோ நம் தேசத்திலிருந்து இந்தப் பக்கம் வந்துவிட்ட ஜனங்கள் இவர்கள் என்று மாப்பிள்ளை சொல்கிறார். போன பிள்ளைக்கு அவளுக்குப் பால் சுரக்கவே இல்லையாம், இந்தப் பிள்ளைக்குப் போதும் போதும் என்கிற அளவுக்கு இருக்கிறதாம். அவளுக்குத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. ஜன்னலுக்குக் கீழே வந்து கத்த இவனைத் தவிர ஒரு நாதி இல்லாதவள், முன்பின் தெரியாத ஒரு கிழவன் தினமும் பனியில் நின்று தன்னைப் பார்த்துக் கூவுகிறானே என்று சாப்பிட்டிருக்கிறாள். மாப்பிள்ளை மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அவள் குழந்தையை என் மடியில் வைத்துவிட்டாள். ஆகவே மேலே எழுதியது எதையும் இருசப்பனுக்குப் படித்துக் காட்டாதே. யாராவது இந்தப் பக்கம் வந்தால் பால்சுறாக் கருவாடு இன்னும் கொஞ்சம் கட்டி அனுப்பு. மலருக்கு வேண்டாம். இங்கே கிடைத்த நம் பெரியவளுக்கு.