தணிகைமணி கண்ட வழக்கமில்லாத ஆன்டிஜென்

மனித உடலின் நுண்கூறுகளை ஆராய்வதில் திருத்தணிக்கு நிகரான ஊர் உலகில் இல்லை. சந்தேகப்படுகிறவர்கள் சந்திராவைக் கேட்கலாம். அவள் கணவன் கஜபதிக்கு இரண்டு சிறுநீரகங்களும் ஓய்வுபெற்றபோது, அவனுடைய அண்ணன் தணிகைமணி ஒரே வாரத்தில் விஞ்ஞானி ஆனார்.

அதற்கு முன் அவர் வெறும் குடும்பத் தலைவர்தான். கல்யாணமோ பாகப்பிரிவினையோ, "எங்குளுது ஒரே ரத்தம்!" என்று மேசையைத் தட்டுவார். அண்ணனின் சிறுநீரகம் தம்பிக்குச் சேருமா என்று சென்னை ஆஸ்பத்திரி டாக்டரும் சோதித்துப் பார்த்து அதையேதான் சொன்னார். வழக்கமாகப் பார்க்கும் ஆன்டிஜென் என்ற திசு அடையாளங்கள் அத்தனையும் அண்ணன் தம்பிக்கு அப்படியே ஒத்துப்போயின. சந்திராவுக்கு ஆனந்தக் கண்ணீர் வந்தது. தணிகைமணிக்கு வியர்வை வந்தது.

"இது வழக்கமான ஆன்டிஜென் டாக்டர். வழக்கமில்லாதது மூணு கீது. ஈ, எஃப், ஜீ. அதுல எத்தினி மரபணு வகை கீது தெரியுங்களா? போன்ல படிச்சிகினுதான் வரேன்."

"இந்த ஆபரேஷனுக்கு அதைப் பாக்க வேண்டியதில்லைங்க," என்றார் டாக்டர். "வயித்துக் குழந்தையை வேத்து ஆளுன்னு தாய் உடம்பு தள்ளிடாம காப்பாத்துறதுல ஜீக்குப் பங்கு உண்டு. மத்ததெல்லாம் பொருந்தினா பெரும்பாலும் அதுவும் பொருந்தும்."

"பெரும்பாலும்! கேட்டுக்கினியா சந்திரா? நாளைக்கு ஜீ சரியில்லன்னா தம்பி உசுருக்கு யாரு பதில் சொல்றது? பாசம் கண்ணை மறைக்கக் கூடாது."

"அப்ப ஜீயையும் பாத்துடலாம் பாவா."

"ஆங், பாக்கலாம். ஆனா புதுசு புதுசா வகை கண்டுபிடிச்சிகினே கீறாங்களாம். மொதல்ல அவங்க முடிக்கட்டும்."

விஞ்ஞானத்துக்காகக் காத்திருக்கும் பொறுமை கஜபதியின் உடம்புக்கு இல்லை. சந்திரா தன்னைச் சோதிக்கச் சொன்னாள். ரத்த வகை சேர்ந்தது. திசுப் பொருத்தம் பேருக்குத்தான் இருந்தது. மீதியை மருந்து பார்த்துக்கொள்ளும் என்றார் டாக்டர். உள்ளே போன அன்றே அவளுடைய சிறுநீரகம் வேலையில் சேர்ந்தது. கஜபதியின் கட்டிலில் தொங்கிய மூத்திரப் பை நிரம்புவதைப் பார்த்து நர்சுகள் கைதட்டினார்கள். சந்தோஷத்தில் சந்திராவின் கால் தரையில் படவில்லை. கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்லியிருந்ததும் ஒரு காரணம்.

சில நாள் கழித்து அவளைப் பார்க்கத் தணிகைமணி வந்தார். மழமழவென்ற மொட்டைத் தலையில் சந்தனம். மலையிலிருந்து நேராக வந்திருந்தார்.

"பாத்தியா, முருகன் கைவிடல! தம்பிக்காக என் உடம்புல இருந்ததை எடுத்துக் குடுத்துட்டுதான் வரேன்."

சந்திரா தையல் போட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"மறுபடி வளர்றதா பாத்து குடுத்துக்கீறீங்க பாவா."