சிம்பாங் பூலாயின் கோன்

கோன் அண்ணனைப் போல இத்தனை கார்களை நிறுத்தி வைத்து ஆண்ட ராஜா உலகத்திலேயே கிடையாது. சிம்பாங் பூலாய் டோல் சாவடியில் கார் வரிசைகளை ஒழுங்குபடுத்துவது அவர் வேலை. கக்கத்தில் எப்போதும் சாலையை மறிக்க வைக்கும் ஓர் ஆரஞ்சு கோன். தூங்கும்போதும் அதை விட மாட்டார் என்று டோல் பெண்கள் சத்தியம் செய்வார்கள். நிஜப் பெயர் அவர் மனைவிக்காவது தெரியுமா என்பது சந்தேகம்.

அப்போது நான் பீடோரில் குடியிருந்தேன், வேலை ஈப்போவில். தினமும் அவரிடம் திட்டு வாங்குவேன்.

"பக்கத்து லைன் வேகமா போவுதுன்னு ஏன்யா தாவுற? நீ தாவுனதும் அது நிக்கும். பொறுமையா இரு, சபார் லா!"

சொல்லி வைத்தாற்போல் நிற்கும். ஒருநாள் டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர் ஒருவரின் கார் ஓரமாக நுழைந்தது. அண்ணன் அதன் முன்னால் கோனை நட்டு, காரை வரிசையின் கடைசிக்கே அனுப்பினார்.

என் கல்யாணத்தன்று பள்ளி விடுமுறை. கேமரன் மலைக்குப் போகிற கூட்டமெல்லாம் டோலில். குனோங் ராபாட் கோயிலில் முகூர்த்தம் முடிய அரை மணி நேரம்தான். தாலி என் மடியில். முன்னால் இருபது கார். மாமனார் அரை மனதோடு சம்மதித்தவர். நேரம் தவறினால் மகளை வீட்டுக்கே அழைத்துப் போய்விடுவார்.

பட்டு வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். "அண்ணே, பொண்ணு மணவறைல ஒக்காந்திருக்குண்ணே! அந்த மூடுன லைன தொறந்து வுடுங்க!"

"வரிசைன்னா வரிசைதான் தம்பி. ஒனக்கு முன்னுக்கு நிக்கிறவங்க மனுசன் இல்லியா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். கோனை என் கையில் திணித்தார்.

"புடி. அவங்கள கேட்டுட்டு வாரேன்."

ஒவ்வொரு காராகக் குனிந்து, மலாயிலும் கேண்டனீஸிலும் தமிழிலும் கேட்டுக்கொண்டே ஓடினார். "மாப்ள காரு. நீங்க சரின்னாதான் வுடுவேன்." பட்டு வேட்டியில் கோனோடு நின்ற என்னிடம் ஒருவர் கேமரனுக்கு வழி கேட்டார். ஒரு சீன அக்கா, அண்ணன் என்னிடம் வாங்கிப்போன பத்திரிகையில் மணப்பெண்ணின் போட்டோவைப் பார்த்த பிறகே தலையாட்டினாராம். கடைசி கார்க்காரரும் சரி சொன்னதும் அண்ணனே லைனைத் திறந்தார்.

நாலு நிமிடம் மிச்சமிருக்கும்போது தாலி கட்டினேன். அன்று அவர் இல்லையென்றால் எனக்கு இந்தக் குடும்பமே இல்லை.

மதியம் பீடோர் திரும்பும்போது, மாலையும் கழுத்துமாக டோலில் இறங்கி, இருவரும் அவர் காலில் விழுந்தோம்.

"ஐயோ, எந்திரிங்க லா! பின்னுக்கு கியூ நிக்கிது!"

பின்னால் ஹாரன் அலறியது. எங்கள் தலைமேல் கை வைத்து நின்ற கோன் அண்ணன், அன்றைக்கு மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை.