விக்டோரியா மகாராணிக்குப் போட்ட மாலை

மெல்பேர்ண்,
10.10.1977

மதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகன் நித்தியானந்தன் பணிவுடன் எழுதுவது. நான் சுகம். தாங்களும் மாமியும், தங்களோடு இருக்கும் என் யோகராணியும் பிள்ளைகளும் சுகமாயிருக்க நல்லூர்க் கந்தனை வேண்டுகிறேன். மரியாதையை இத்துடன் நிறுத்துகிறேன், ஏனென்றால் தாங்கள் தந்த படத்தால் எனக்கு வந்த வினையைச் சொல்ல வேண்டும்.

நான் புறப்படும்போது, தங்கள் தகப்பனாருக்குத் தபால் கந்தோரில் கொடுத்த விக்டோரியா மகாராணியின் படத்தைத் தந்து, "இதை ஹோலிலை மாட்டும், வெள்ளைக்காரன் மரியாதை தருவான்" என்றீர்கள். மாட்டினேன். போன வெள்ளிக்கிழமை, தங்கள் வீட்டு வழக்கப்படி மாலையும் போட்டேன். அன்றைக்குத்தான் வீட்டுக்காரர் டொஹேர்ட்டி வந்தார். குடும்பத்தோடு இருக்க எனக்கு இங்கே இடமுண்டு என்று அவர் கையெழுத்து வைத்தால்தான் யோகராணியைக் கூப்பிடும் விண்ணப்பம் நகரும். ஓகஸ்ட் கலவரத்தில் கொழும்பில் அடிபட்டு, அகதியாய்க் கப்பலேறி யாழ்ப்பாணம் வந்த பிள்ளைகள் இன்னும் நித்திரையில் அலறுகிறார்கள் என்று தாங்களே எழுதினீர்கள். எனக்கு அந்தக் கையெழுத்தை விட வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

மனிசன் பேனையைத் திறந்தார், நிமிர்ந்தார், மகாராணியைக் கண்டார். பேனையை மூடிச் சட்டைப் பையிலை வைச்சார். மாமா, அவர் ஐரிஷ்காரர்! வெள்ளைக்காரருக்குள்ளையும் இப்பிடி இருக்கெண்டு எனக்கு ஆர் சொன்னது? தகப்பனுக்குப் பிறகு அதே தபால் கந்தோரிலை முப்பது வருசம் முத்திரை குத்தின நீங்களாவது சொல்லியிருக்கக் கூடாதே? "அயர்லாந்திலை உருளைக்கிழங்கு அழுகி எங்கட சனம் பட்டினியிலை சாகேக்கை, தானியமும் வெண்ணெயும் கப்பல் கப்பலா இங்கிலாந்துக்குப் போனது. வாடகை கட்டேலாத என்ரை பூட்டன்ரை வீட்டுக் கூரையைப் பிரிச்சு விழுத்தினாங்கள். அப்ப முடியோடை இருந்தவ இவ. இவவுக்கு என்ரை வீட்டிலை பூமாலையோ?" எண்டு கேட்டார். சத்தம் போடேல்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குப் பயம் குறைஞ்சிருக்கும்.

நான் மாலையைத் தொட்டுக் காட்டினன். "ஐயா, எங்கட ஊரிலை உயிரோடை இருக்கிற ஆளின்ரை படத்துக்கு மாலை போட மாட்டம். செத்த ஆளுக்குத்தான் போடுறது. இவ செத்துப்போனா எண்டதைக் கிழமைக்கு ஒருக்கா நிச்சயப்படுத்திறம்" எண்டன். மனிசன் என்னைப் பாத்தார், படத்தைப் பாத்தார், கதிரையிலை விழுந்து கண்ணிலை தண்ணி வரச் சிரிச்சார். சிரிப்பு முடிஞ்சும் தண்ணி நிக்கேல்லை. நான் பிள்ளையள் கப்பலேறின கதையைச் சொன்னன். "எங்கட ஆக்களும் அப்பிடித்தான் இஞ்சை வந்தவை" எண்டு கையெழுத்து வைச்சார்.

இனி இந்தப் படம் என் சுவரில் ஏறாது. பார்சல் கட்டியாயிற்று, நாளைக்கே திருப்பி அனுப்புகிறேன். கோபிக்க வேண்டாம், கோபித்தாலும் அனுப்புவேன்.

மாமியின் முழங்கால் நோ மாற வேண்டும். யோகராணிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு முத்தம், தங்களுக்கு என் வணக்கம்.

இங்ஙனம்,
தங்கள் மருமகன்
நித்தியானந்தன்

பி.கு.: இதை ஒட்டப்போகும் நேரம் டொஹேர்ட்டி வந்தார். வீடு அவற்றை தாயின்ரை பேரிலையாம். கிழவி கையெழுத்து வைச்சால்தான் செல்லுமாம். நடந்ததைக் கேட்ட கிழவி, ஞாயிற்றுக்கிழமை நேரிலை வந்து மாலையைக் கண்ணாலை பாத்த பிறகுதான் பேனை தொடுவன் எண்டிட்டாவாம். பார்சலை அவிழ்த்துப் படத்தைத் திரும்ப மாட்டிப்போட்டன். இவவுக்குப் பிறகு ஆண்ட ராசாமாரின் படங்களும் தங்களிடம் இருந்தால், செத்தவர்கள் எல்லாரையும் உடனே விமானத் தபாலில் அனுப்பவும்.