துரைக்கு அரைப் பேர்

எங்கள் ரப்பர் தோட்டத்தில் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்துச் சம்பளம் வாங்கிய ஒரே ஆள் பெரட்டு அக்காதான். ஆபீஸ் கிளார்க்கான நான் உட்பட மற்ற உத்தியோகத்தர்கள் எல்லாரும் அதைச் சொந்த முயற்சியில் செய்துவந்தோம்.

அக்காவுக்குப் பிள்ளைக் காம்பராவில் வேலை. தாய்மார் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் பால் வெட்டப் போவார்கள். தொழிலாளர்களைப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் காலைப் பெரட்டைப் போலவே அவரும் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவார். ஆளுக்கு ஒரு வரி, எல்லாருமாக ஒரு கதை. முன்னால் நிற்பவர் என்ன சொன்னாலும் ‘இல்லை’ என்று மறுக்கக் கூடாது. மறுத்தால் அரைப் பேர். வாய் திறக்காவிட்டாலும் அரைப் பேர். பால் குறைந்த நாளில் அரைப் பேர் போட்டு, வீட்டுக்கு அரைநாள் சம்பளம்தான் வரும் என்பதை அறிந்த பிள்ளைகள், அந்தப் பயத்திலேயே யானையை ரப்பர் மரத்தில் ஏற்றிவிட்டார்கள்.

அது இறங்க ஒன்பது நாளாயிற்று. யானைக்கு என்ன ஆனது என்று கேட்டு நின்ற தாய்மார் வேலைக்குப் பிந்த, கங்காணி சண்டைக்கு வந்தார்.

“என்னம்மா இது, அங்க பெரட்டு முடியப் போவுது!”

“இங்க இப்பதான் ஆரம்பிச்சிருக்கு. வந்தது வந்துட்டீங்க, வரிசையில நில்லுங்கண்ணே. யானை இப்ப என்னா செய்யுது?”

கங்காணி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அன்று அவருக்கும் அரைப் பேர்தான்.

பிறகு கொழும்பிலிருந்து சில கனவான்கள், பிள்ளைகளின் கற்பனையை வளர்ப்பதாக எழுதிய பேனரோடும் கலர் பென்சிலோடும் வந்தார்கள். வண்ணத்துப்பூச்சிப் பாட்டொன்றைப் பாடமாக்கி வைக்கும்படி தோட்டத்தை நடத்தும் துரை சொல்லியிருந்தார். அக்காவோ துரையையே வரிசையின் தலைப்பில் நிறுத்திவிட்டார்.

துரை சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். “ஒரு ஊர்ல ஒரு நல்ல ராஜா.”

“ராஜா லயத்துக்குக் கூரை போட்டுத் தாறேன்னாரு” என்றது அடுத்து நின்ற பிள்ளை. வரிசை தொடர்ந்தது.

“போடல.”

“மழ பேஞ்சிச்சி. செவுரு விழுந்து தம்பிக்குக் கால் ஒடஞ்சிச்சி.”

“இல்ல, இல்ல! ராஜா கூரை போட்டாரு!” என்றார் துரை.

“தொர, இங்க இல்லன்னு சொல்லக் கூடாதுங்க” என்றார் அக்கா. “அரைப் பேரு.”

கனவான்கள் கைதட்டினார்கள். “என்ன கற்பனை! என்ன கற்பனை!” என்றார் ஒருவர். அது கற்பனை இல்லை என்று எனக்குத் தெரியும். கூரை கேட்டு ஐந்தாம் லயத்து வரிசை வீட்டுக்காரர்கள் கொடுத்த கடிதங்கள் என் மேசையில்தான் கிடந்தன. சொல்லியிருக்கலாம். நானும் கைதட்டினேன். வெட்கக்கேடு.

மறுநாள் அக்காவை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதத்தை டைப் செய்ததும் நான்தான். கட்டுப்பாடில்லாத நடத்தையாம். அக்கா வந்து, நின்றபடியே அதை முழுவதும் படித்தார்.

“இதுல பூராவும் தொர சொன்னதுதான் இருக்குங்க. ஒங்க வரி எதுங்கய்யா?”

கொஞ்சம் காத்திருந்து பார்த்தார். பிள்ளைகளுக்குக் காத்திருப்பது போலவே, அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். பிறகு கடிதத்தை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

இப்போது எஹலியகொடை டவுனில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நிற்கிறார். பிள்ளைக் காம்பராவில் டீவி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் சத்தமே இல்லை, துரைக்குப் பரம திருப்தி. எத்தனையோ துரைமார் சொல்லச் சொல்ல டைப் செய்துவிட்டேன். என்ன சொல்லப்போகிறேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றவர் அக்கா ஒருவர்தான்.